ஏழாம் வாய்க்காலில் பிறந்தவனுக்கு

சனிக்கிழமையிலிருந்து என் விரல்களில் மார்க்கர் பேனையின் மணம் அடிக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், போகிற பாடில்லை. நீ செத்த முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலரில் ஒரு வரியை வெட்டியதால் வந்த மணம் இது. ஒரு பிரதியில் என்றால் பரவாயில்லை. பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய அத்தனை பிரதிகளிலும் வெட்டினேன். இதை வாசித்து நீ சிரிப்பாய் என்று தெரியும். இந்த வேலையை எனக்குப் பழக்கிவிட்டவனே நீதான்.

மலர்கள் எப்படித் தொடங்கும் என்று உனக்குத் தெரியும். செத்தவர் யாராக இருந்தாலும் வரலாற்றுச் சிறப்பு மிக்க ஓர் ஊரில், சைவமும் தமிழும் தழைத்தோங்கும் ஒரு பதியில் 'உதித்திருப்பார்'. உன்னையும் அப்படி உதிக்க வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பேர்பெற்ற ஓர் ஊரைப் போட்டிருந்தார்கள். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன், பாவம், அந்த ஊர் ஒரு குற்றமும் செய்யவில்லை. நீ அங்கே ஓர் இரவு தங்கியதுகூட எனக்குத் தெரியாது.

நீ பிறந்த இடம் எனக்குத் தெரியும். அடுத்த குடிசையில்தான் நான் பிறந்தேன். உன் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் கால் வைக்க ஒரு துண்டு நிலம் இல்லாதபடியால் அரசாங்கம் வன்னியில் ஆளுக்கு மூன்று ஏக்கர் காடு கொடுத்தது. தறித்தால் வயல், தறிக்காவிட்டால் யானைக்கு. பெரிய குளத்திலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால்களில் எங்களுடையது ஏழாவது, கடைசி. ஊருக்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை, அதனால் ஏழாம் வாய்க்கால். பாலை மரத்தடியில் ஒரு கல்லை வைத்துக் கும்பிட்டோம். அந்தச் சாமிக்கும் பெயர் இல்லை.

நினைத்து உருகுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. மலேரியா இருந்தது. மாரியில் முழங்கால் வரை சேறு இருந்தது. என் தம்பி காய்ச்சலில் போனது அங்கேதான், பெரியாஸ்பத்திரிக்குப் போக லொறி கிடைக்கவில்லை. 'எங்கட ஊர், எங்கட ஊர்' என்று இங்கே விருந்துகளில் கண்கலங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உனக்கும் வரும், ஆனால் நீ அரசியல்வாதி, முகத்தில் காட்ட மாட்டாய்.

உன் அரசியல் தொடங்கிய நாளை மலரில் 'கவுன்சில் தேர்தல்' என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் பிழை. உனக்குப் பத்து வயது. வாய்க்கால் பார்க்க அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். எங்கள் அப்பாமார் எல்லாரும் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஜீப்பில் இருந்தபடியே அவர் கடைக்கோடிவரை தண்ணீர் போகிறது என்று எழுதப் பார்த்தார். நீ போய் ஜீப்புக்கு முன்னால் நின்றாய்.

"ஐயா, இறங்கி வந்து வாய்க்காலுக்க நில்லுங்கோ. சப்பாத்து நனைஞ்சால் தண்ணி வருது எண்டு எழுதுங்கோ."

மனிசன் இறங்கினார். இறங்கியது கோபத்தில்தான், ஆனாலும் இறங்கினார். புழுதியில் சப்பாத்து புதைந்தது. எழுதியதை வெட்டிவிட்டு வேறு எதையோ எழுதிக்கொண்டு போனார். ஜீப் மறைந்ததும் உன் அப்பா உனக்குக் கன்னத்தைப் பொத்தி ஒன்று விட்டார். நீ அழவில்லை. "அடிச்சாலும் தண்ணி வரேல்லைதானே" என்று அவரிடமே கேட்டாய். அடுத்த போகத்துக்குத் தண்ணீர் வந்தது. அந்த அடி நியாயமில்லை என்று உன் அப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு சண்டை, பிறகு அகதி, பிறகு சிட்னி. அந்தக் கதை எல்லாருக்கும் ஒன்றுதான், விடு. நீ ரயில் பெட்டி கழுவினாய், நான் ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் துணி மடித்தேன். சனிக்கிழமைகளில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பலசரக்குக் கடை வாசலில் ஒரு மடக்கு மேசை போடுவாய். புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பாய். ஸ்பொன்சர், பென்ஷன், பிள்ளையின் பள்ளிக்கூடம், எதுவானாலும். உன் இங்கிலீஷ் அப்போது என் இங்கிலீஷை விட மோசம், ஆனால் உன் கையெழுத்து அச்சுப் போல இருக்கும்.

வந்து கதிரையில் இருப்பதற்கு முன்பே கேட்பார்கள்: "தம்பி ஊரில எவடம்?" அந்தக் கேள்வி எதற்கு என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். எவடம் என்று தெரிந்தால் யார் என்று தெரிந்துவிடும், யார் என்று தெரிந்தால் எவ்வளவு சிரிக்கலாம், எவ்வளவு நெருங்கலாம் என்று தெரிந்துவிடும்.

நீ நிமிராமலே சொல்வாய், "ஏழாம் வாய்க்கால்."

"அது எங்க?"

"தண்ணி கடைசியா வாற இடம்."

சிலர் படிவத்தை மடித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்கள். அடுத்த சனிக்கிழமை திரும்பி வருவார்கள், வேறு யார் சும்மா நிரப்பிக் கொடுப்பது? ஒருநாள் "தங்கச்சி எவடம்?" என்று ஒரு அம்மா என்னிடமும் கேட்டார். நான் வாய் கூசாமல் "யாழ்ப்பாணம் டவுன்" என்றேன். நீ எழுதுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். பின்னேரம் பரமட்டாவுக்கு ரயிலில் போகும்போது மெதுவாகத் தொடங்கினாய்: "டவுனில எந்தத் தெரு?" நான் முறைத்தேன். "இல்லை, உன்ர பொய்க்கு ஒரு தெருவாவது குடன். தெருவில்லாமல் எப்படி இருக்கும் அது?"

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கிழமை உன்னோடு பேசவில்லை. ஆனால் பொய்யை விடவும் இல்லை. பிறகு என் மகளுக்குக் கல்யாணம் பேசியபோது அதே பொய்யைச் சம்பந்திக்கும் சொன்னேன். தெருவோடு சேர்த்துச் சொன்னேன்.

நீ முதல்முதல் கவுன்சில் தேர்தலில் நின்றபோது துண்டுப்பிரசுரம் அடித்தவர், இப்போது மலர்க் குழுவுக்குத் தலைவராக இருக்கிறாரே, அதே ஆள்தான். ஊர்ச்சங்கங்களின் வாக்கு வரவேண்டும் என்று அன்றும் உன்னை அதே ஊரில் பிறக்க வைத்தார். அச்சடித்த கட்டுகளோடு நீ என் குசினிக்கு வந்தாய். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் இருந்து ஒவ்வொன்றாக அந்த ஊரை வெட்டிவிட்டு மேலே 'ஏழாம் வாய்க்கால்' என்று கையால் எழுதினோம். தலைவர் போனில் கத்தினார், நீ உன் வாக்கை நீயே வெட்டுகிறாய் என்று. அவர் சொன்னது சரிதான், தோற்றாய். தோற்ற மறுநாள் அதே மடக்கு மேசையைப் போட்டாய்.

அடுத்த முறை வென்றாய். நிழலில்லாத பஸ் தரிப்பிடத்தில் இந்த நாட்டுக் கோடை கொளுத்தும் தை மாதத்தில் கவுன்சில் அதிகாரிகளைக் கால் மணித்தியாலம் நிற்க வைத்த கதை இன்னும் வென்ட்வேர்த்வில்லில் ஓடுகிறது. அதற்குப் பிறகு மாநிலப் பாராளுமன்றம். அங்கே உன் முதல் உரையில் ஊர்ப் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே சொன்னாய். பார்வையாளர் பக்கத்தில் இருந்த தலைவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த நானும் என் சப்பாத்தைத்தான் பார்த்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மலரில் அந்த வரி. சனிக்கிழமை காலை உன் மகள் வீட்டில் பெட்டியைப் பிரித்து வாசித்தேன். தலைவருக்குப் போன் எடுத்தேன். மனிசன் ஆறுதலாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, செத்தவனுக்கு ஒரு மரியாதை செய்யிறம். நாளைக்கு அமைச்சர்மார் வருவினம், பெரிய மனிசர் வருவினம். காட்டில பிறந்தவன் எண்டு போடுறதோ?"

"ஓம், போடுறதுதான்" என்றேன். "உயிரோட இருக்கேக்க உங்களால அவனை மாத்த முடியேல்லை. செத்தாப்பிறகு மாத்தப் பாக்கிறியளோ?"

அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன். நீ இருந்தால் இதைவிட மரியாதையாகப் பேசியிருப்பாய். நான் எம்.பி. இல்லை, எனக்கு அந்த அவசியம் இல்லை.

உன் மகள்தான் அச்சுக்கு முந்தைய பிரதியில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் 'குடும்பத்தின் சம்மதம்' வாங்கிவிட்டார்கள். வரியை நான் இங்கிலீஷில் சொன்னேன். அவள் முகம் உன் முகம் போலவே இறுகியது. "பட் டாட் அங்க இருக்கவே இல்லையே" என்றாள். மேசை லாச்சியைத் திறந்து இரண்டு மார்க்கர் எடுத்து ஒன்றை எனக்குத் தந்தாள்.

"எந்த லைன், அன்ரி?"

விரலை வைத்துக் காட்டினேன். ஒரு தாளில் 'ஏழாம் வாய்க்கால்' என்று பெரிதாக எழுதி அவளுக்கு முன்னால் வைத்தேன். கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். முதல் பத்தில் ழகரம் நண்டு போல இருந்தது. மத்தியானத்துக்குள் என் எழுத்தை விட நன்றாக வந்துவிட்டது. தன் வாழ்க்கையில் முதன்முதலாகத் தமிழில் எழுதியது உன் ஊரைத்தான். அதைப் பார்த்து நான் அழுதேன், அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுத் தொடர்ந்து எழுதினாள்.

நேற்று மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் மலரைத் திறந்தார், கறுப்பைப் பார்த்தார், மூடினார். பிரதிகளைத் திருப்பி வாங்கவா முடியும்? உன் மகள் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆபத்து சாப்பாட்டு வரிசையில் நின்றது. மலரின் உள்ளே உன் 'சிறுபராய அயல்வீட்டுத் தோழி' என்று என் பெயர் அச்சிலேயே இருந்தது, அதை நானும் சனிக்கிழமையே கண்டேன். கறுப்பு மை கையில் இருந்தது, ஒரு கோடு போட்டால் முடிந்தது. போடவில்லை. என் சம்பந்தி அந்தப் பக்கத்தை விரலால் பிடித்தபடி வந்தார்.

"அப்ப நீங்கள் டவுன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

முன்னும் பின்னும் தட்டோடு நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். முதலில் தட்டைக் கீழே வைத்தேன்.

"பொய் சொன்னனான். நானும் ஏழாம் வாய்க்கால். இவன்ர குடிசைக்கு அடுத்த குடிசை."

அவர் திரும்பிப் போனார், சாப்பிடவும் இல்லை. நான் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். நீ பத்து வயதில் ஜீப்புக்கு முன்னால் நின்று உண்மை சொன்னாய், நான் அறுபது தாண்டித்தான் சொல்லியிருக்கிறேன், அதற்கு வெட்கப்படுகிறேன். சொல்லிவிட்டதற்கு வெட்கப்படவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான், இனி இதைக் கீழே வைப்பதாக இல்லை.

இன்று காலை என் மகள் போன் எடுத்தாள். நேற்றிலிருந்து மாமி முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இத்தனை வருசம் மறைத்துவிட்டு இப்போது எதற்கு அம்மா என்று கேட்டாள். கேட்பது நியாயம்தான். அவளிடமும்தானே மறைத்தேன், அதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு நானும் ஒன்று கேட்டேன்.

"நாளைக்கு எனக்கும் ஒரு மலர் அடிப்பினம் பிள்ளை. அம்மா எங்க பிறந்தவ எண்டு உன்னட்டத்தான் வந்து கேப்பினம். என்ன சொல்லுவாய்?"

பேரப்பிள்ளை பின்னால் எதற்கோ அழுதது, அவள் எழும்பவில்லை. நானும் போனை வைக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டும்வரை காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் சின்னக் குரலில் சொன்னாள்.

சரியாகத்தான் சொன்னாள். இன்னொரு தரம், மாமிக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லச் சொன்னேன்.