கிணற்று மேட்டில் நான் மாற்றிச் சொன்ன வசனம்

அன்புள்ள சவரிமுத்து அண்ணா,

'அன்புள்ள' என்று வழக்கத்துக்காகப் போட்டேன். அதைப் பார்த்து மயங்கிவிடாதே. நீ உயிரோடு இருந்தவரை உன்னை வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டேன். இனிமேல் நீதான், வா, போதான். எழுந்து வந்து அடிக்கவா போகிறாய்? இதை ஊரே படித்தாலும் எனக்குக் கவலையில்லை. நம் சண்டையில் ஊருக்குத் தெரியாதது இனி ஒன்றும் இருக்க வேண்டாம்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. கிணற்றில் மோட்டார் போட்டுவிட்டார்கள். உன் சிவப்பு மாடு வேலை இல்லாமல் தின்றுவிட்டுப் போகிறவர் வருகிறவரை முட்டிக்கொண்டிருக்கிறது. வளர்த்தவன் புத்தி. அண்ணிக்கு முட்டி வலி. உன் மகள் பிலோமினா போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி, சேலத்தில் டீச்சர் ட்ரெய்னிங்குக்கு இப்போதுதான் இடம் கிடைத்துக் கடிதமும் வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். உன் மகன் ஜெயராஜ் வேண்டாம் என்கிறான். என்ன காரணம் தெரியுமா? ஆத்தா ஒண்டியாக இருக்கிறாளாம், மாட்டை யார் பார்ப்பதாம். அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் நாடக நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். ஈஸ்டர் முடிந்த வாரம் போடுகிற நாடகத்தில் இந்த வருஷம் ராஜா வேஷம் அவனுக்காம். நம் குடும்பத்து வேஷம் அல்லவா, விடுவார்களா.

"அத்தை, கடைசியில செத்துக் கிடக்கற தங்கச்சிகிட்ட அப்பா சொல்லுமே ஒரு வசனம், ஊரே அழுவுமே, அது நோட்டுல எங்கயும் காணோம். நீதான அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுவ, கொஞ்சம் தேடிக் குடு" என்றான்.

"வெச்சுட்டுப் போ, பாக்கறேன்" என்றேன். தேட வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. அது நோட்டில் இல்லை என்று எனக்குத்தான் தெரியுமே. ஆனாலும் நோட்டு கையில் வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

ஒத்திகை தொடங்கும் நாளில் நாடகக்காரர்கள் நீங்களெல்லாம் சேர்ந்து ஒரு காரியம் செய்வீர்களே, பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று கதவைச் சாத்திக்கொண்டு. நோட்டை மூடிவைத்து, கண்ணையும் மூடி, தாள்களுக்கு நடுவே ஒரு கயிற்றை விடுவது. கயிறு விழுந்த பக்கத்தில் முதலில் இருக்கிற வசனம்தான் அந்த வருஷத்துக்குக் குறி. நானும் என் சேலை முந்தானையில் ஒரு நூலைப் பிய்த்துப் போட்டேன்.

முதலில் காவல்காரன் வசனம் விழுந்தது. 'வருபவர் எவராயினும் வாளை வாசலில் வைத்துவிட்டு வருக.' எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீ என்றைக்காவது எதையாவது வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறாயா? வயலில் எவனோடு சண்டை போட்டாலும் அந்தக் கோபத்தை அப்படியே அடுப்படி வரைக்கும் கொண்டுவருவாய். அண்ணி பாவம், உன் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு யாருக்கு மண்டகப்படி என்று கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டாவது கோமாளி சொல்வது. 'மகாராஜா இன்னும் சாப்பிடவில்லை, ஆகையால் நாட்டில் யாருக்கும் பசி இல்லை.' கேட்டாயா? கொட்டகையில் இந்த இடத்துக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நம் வீட்டில் யாரும் சிரித்ததில்லை. நீ வந்து தட்டில் கை வைக்கும்வரை அம்மா களியைக் கிளறி மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். களி கல்லாகிவிடும். அதற்கும் நீதான் கத்துவாய்.

மூன்றாவது தூதன் வசனம். 'ஓலை கொண்டுவந்தேன் மன்னா, ஓலையில் இருப்பதை நான் அறியேன்.' அதற்கு மேல் நூல் போட எனக்கு மனம் இல்லை.

எனக்கும் ஓர் ஓலை வந்தது, ஞாபகம் இருக்கிறதா? சேலத்திலிருந்து நம் ஜில்லா பிரிந்த வருஷம். எட்டாவது பாஸ் பண்ணியிருந்தேன். கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ட்ரெய்னிங் பள்ளிக்குச் சாமியார்தான் எனக்காக எழுதிப் போட்டிருந்தார். கடிதம் வந்த அன்று நான் களை எடுக்கப் போயிருந்தேன். உனக்கு எழுத்து தெரியாது. டீக்கடைப் பெஞ்சில் தபால்காரரையே படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு நேராகச் சாமியாரிடம் போய், "தங்கச்சிக்கு இஷ்டம் இல்லீங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மாதம் கழித்துச் சாமியார் கோயில் வாசலில் நிறுத்தி, ஏனம்மா வேண்டாம் என்றாய் என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நான் கேட்டபோது நீ கொஞ்சம்கூட முகம் மாறவில்லை. "ஆமா, சொன்னேன். மொத தடவையா ராஜா வேஷம் குடுத்துருக்காங்க. நீ போயிட்டா எனக்கு யாரு படிச்சுக் காட்டறது? அடுத்த வருஷம் போயிக்க" என்றாய்.

அடுத்த வருஷம் எவள் எனக்கு இடம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்? உன் தலையில் இருந்த அட்டைக் கிரீடத்துக்காக என் பிழைப்பில் மண்ணைப் போட்டாய். எனக்குப் புருஷனாக வாய்த்த கொத்தனார் நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிக்கூட மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இன்றைக்கும் எரிகிறது.

அப்புறமும் நான் உனக்குப் படித்துக் காட்டினேன். நீ கிணற்று மேட்டில் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டுவாய். மாடு சரிவில் இறங்கித் தண்ணீரை மேலே இழுக்கும்போது நான் ஒரு வசனம் படிக்க வேண்டும், மாடு பின்னால் ஏறி வரும்போது நீ அதைத் திருப்பிச் சொல்வாய். நீளமான வசனமாக இருந்தால் மாடு நடக்கிற தூரத்துக்கு நறுக்கிக் கொடுப்பேன். காதால் கேட்டதை ஒரு சொல் பிசகாமல் பிடித்துக்கொள்வாய். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கதையில் ராஜா கோள் பேச்சைக் கேட்டுத் தங்கையைக் காட்டுக்கு விரட்டுகிறான். கடைசியில் அவள் பிணத்தின் முன்னால் நின்று, 'எல்லாம் விதி எழுதிய எழுத்து, நான் என் செய்வேன்' என்கிறான். அந்த இடம் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. விதியாம்! மாடு இறங்கியது. நான் நோட்டைப் பார்த்தபடியே, நோட்டில் இல்லாததைப் படித்தேன். 'விதியின் மேல் பழி சொல்ல மாட்டேன் தங்கையே. உன்னைக் கெடுத்தவன் நானே. என் வாயால் சொல்கிறேன், சபையோர் கேட்கட்டும்.' மாடு ஏறியது. நீ திருப்பிச் சொன்னாய். ஒரு சொல் பிசகவில்லை.

மேடை ஒத்திகையில் கடைசிக் காட்சியைப் பேசிப் பார்க்கக்கூடாது, அபசகுனம் என்று ஒரு வழக்கம் இருந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நாடகத்தன்று விடிகிற நேரத்தில் நீ அதைச் சொன்னாய். கொட்டகை முழுக்க அழுதது. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து என்னைக் கொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ வந்தாய், அரிதாரம் கழுவ வெந்நீர் கேட்டாய், படுத்துத் தூங்கிவிட்டாய்.

அதற்குப் பிறகு நான் நாடகம் பார்க்கவே வரவில்லை. ஆனால் ஈஸ்டருக்கு முன்னால் தவசு காலம் வந்தால் நீ என் வீட்டுக்கு வந்து நிற்பாய், அம்மாவுக்காக நானும் கிணற்று மேட்டுக்கு வந்து படிப்பேன். நோட்டில் உள்ளபடி விதி வசனத்தைத்தான் படிப்பேன். நீயும் நல்ல பிள்ளை மாதிரி விதி வசனத்தையே திருப்பிச் சொல்வாய். மேடையில் ஏறினால் என் வசனத்தைச் சொல்வாய். ஊரார் வந்து என்னிடம் புகழ்வார்கள். கைதட்டல் ருசி கண்டுவிட்டான், அதற்காகத்தான் என்று நினைத்து உன்னை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

நேற்று ஜெயராஜ் மறுபடி வந்தான். கூடவே டெய்லர் அருளப்பனையும் கூட்டிவந்தான். ஒவ்வொரு வருஷமும் தங்கை வேஷம் கட்டி உன் காலடியில் பிணமாகக் கிடந்தவன் அவன்தானே. அந்த வசனம் நோட்டில் இல்லையடா, நான் இட்டுக்கட்டியது என்று சொன்னேன். ஜெயராஜ் வாயைப் பிளந்தான். அருளப்பன்தான் பதில் சொன்னான்.

"எனக்குத் தெரியுங்க்கா. மொத வருஷம் திரைக்குள்ள வந்த உடனே அண்ணன் சொல்லுச்சு, இது எந்தங்கச்சி வேலடான்னு. மறு வருஷம் நாடக வாத்தியார் அத எடுத்துடச் சொன்னாரு. எடுத்தா நான் வேஷமே கட்ட மாட்டேன்னுடுச்சு. ஒவ்வொரு வாட்டியும் அதச் சொல்றதுக்கு முன்னாடி பொம்பளைங்க பக்கம் திரும்பித் தேடும். கீழ கெடக்கற எனக்கு நல்லாத் தெரியும். நீதான் வரவே இல்லியே."

அட பாவி! அட படுபாவி! தெரிந்தே சொன்னாயா? ஊர் முன்னால் வருஷா வருஷம் கத்திச் சொல்ல முடிந்த உனக்கு, என் அடுப்படியில் ஒற்றை ஆள் முன்னால் சொல்ல வாய் வரவில்லையா? கிணற்று மேட்டில் நானும் நீயும் இரண்டு மாடும்தானே இருந்தோம்? நான் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தால்தான் உனக்கு மன்னிப்பு கேட்க வருமா? அங்கேயும் நீ ராஜாவாகத்தான் இருக்க வேண்டுமா?

அருளப்பன் போன பிறகு வெகுநேரம் அழுதேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. ஆத்திரத்தில் அழுதேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஜெயராஜிடம் சொன்னேன். "நோட்டு என் பெட்டியில இருக்குது. பிலோமினா சேலம் பஸ் ஏறுற வரைக்கும் அது வெளிய வராது."

"அத்தை, ஊரு நாடகத்தையே நிறுத்தப் பாக்கறியா?"

"ஆமாண்டா. உங்கப்பன் நாடகத்துக்காக என்னை நிறுத்துனான். நான் இவளுக்காக நாடகத்தை நிறுத்தறேன். போய் எந்தப் பெரிய மனுஷன வேணும்னாலும் கூட்டியா."

கூட்டிவந்தான். பங்குப் பேரவைப் பெரியவர்கள் மூன்று பேர் வந்து காபி குடித்துவிட்டு, பொம்பளைக்கு இத்தனை பிடிவாதம் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். இன்று மத்தியானம் ஜெயராஜ் தனியாக வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "எத்தனை மணி பஸ்ஸு, அத்தை?" என்றான். மாட்டை அவனே பார்த்துக்கொள்வானாம்.

திங்கட்கிழமை தருமபுரி பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடாமல், சேலம்வரை நானே கூட்டிப்போய்க் கன்னியாஸ்திரீகள் மடத்தில் விட்டுவிட்டு வருகிறேன். வந்து நோட்டைக் கொடுப்பேன். உன் மகன் எந்த வசனத்தை வேண்டுமானாலும் சொல்லட்டும், அது அவன் பாடு.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேஷம் இல்லாமல் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே மன்னித்திருப்பேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை நாளாக உன் கல்லறைப் பக்கம் நான் வரவில்லை. பிலோமினா சேலத்திலிருந்து எழுதுகிற முதல் கடிதம் வரட்டும். அன்றைக்கு வருவேன். உனக்குத்தான் எழுத்து தெரியாதே, பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டுகிறேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் மாற்றாமல்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
அமலோற்பவம்