செல்வியின் பாதித் தேங்காய்

செவ்வாய்க்கிழமை, இரவு

கொம்பனித்தெருவில் வாவிக் கரையோரம் எங்கள் ஒழுங்கையில் மொத்தம் பதினொரு வீடுதான். தேங்காய் விலை ஏறிய நாள் முதல் நானும் பக்கத்து வீட்டுச் செல்வியும் ஒரு தேங்காயைச் சேர்ந்து வாங்கி, என் வாசலில் உடைத்து, ஆளுக்குப் பாதி எடுப்போம். இன்று அவள் வரவில்லை. பார்த்தால், கொட்டாஞ்சேனையிலிருந்து புதிதாகக் குடிவந்த ரீட்டாவின் வீட்டிலிருந்து கையில் பாதித் தேங்காயோடு வருகிறாள். எனக்கு வயிறு எரிந்தது. குழாயடியில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

"என்னடி செல்வி, புது மாப்பிள்ளை பிடிச்சிட்டியா? என்னைத் தள்ளி வச்சது எப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, பெரிய பாதி எப்பவும் உங்களுக்குத்தானே. பகிடி விட்டு விட்டே எடுத்திடுவீங்க. நானும் சிரிச்சுக்கொண்டு விட்டிட்டன். எனக்கும் நாலு பிள்ளையள், அக்கா."

நேரே கடைக்கு நடந்தேன். வீம்புக்கு ஒரு முழுத் தேங்காய் வாங்கி வந்து தனியாக உடைத்தேன். கை தானாகப் பெரிய பாதிக்குத்தான் போனது. அவள் சொன்னது சரிதான். ரீட்டா சரிபாதி கொடுக்கிறாளாம், அதுதான் இன்னும் எரிகிறது.

சின்னதைத் துருவிச் சம்பல் இடித்தேன். பெரியதைக் காலையில் செல்விக்குக் கொடுக்க வைத்திருக்கிறேன். இந்த வெக்கையில் விடியுமுன் புளித்துவிடும். ஒழுங்கையில் பிரிட்ஜ் இருப்பது ரீட்டா வீட்டில் மட்டும்தான். அவளிடம் போய்க் கேட்க மாட்டேன். உப்புத் தடவி மூடி வைத்திருக்கிறேன். இரண்டு தரம் எழும்பி முகர்ந்தும் பார்த்துவிட்டேன்.