சேனை வைக்காத பிள்ளை

அன்பு மகன் மாரிராஜுக்கு, தென்காசியிலிருந்து அப்பா எழுதுவது. தாயும் பிள்ளையும் சுகம், இதை முதலில் படித்து மூச்சு விட்டுக்கொள். மஸ்கட்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்று நம்புகிறேன். போனை ஆளாளுக்குப் பிடுங்கிப் பேசுகிறார்கள், அதனால் அங்கே வேலைக்குத் திரும்பும் பிரின்ஸ் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

பையனை இன்குபேட்டர் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள், தானாகப் பால் குடிக்கிறான். எட்டாம் மாதம் பிறந்ததும் உன் பேச்சித்தாய் அத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே, ஏழு தங்கும், எட்டு தங்காதேண்ணே என்று அழுதுவிட்டாள். டாக்டரம்மா, அது தப்பு, வயிற்றில் கூடுதலாய் இருக்கிற ஒவ்வொரு வாரமும் பலம்தான், ஆனாலும் குறைமாதப் பிள்ளை மூச்சுக்கும் உடம்புச் சூட்டுக்கும் திணறும், முதல் மாதத்திலேயே போய்விடுகிற பிள்ளைகளில் நிறைய இப்படி முந்திப் பிறந்தவைதான் என்றார். கடைக்குப் பிஞ்சாய் வந்த காயைப் பழுக்க வைக்கத் தெரியும், இதற்கு நான் என்ன செய்வேன்.

காரணம் கேட்டேன். மருமகள் ஆனந்தவள்ளிக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்து நீர்க்கடுப்பு இருந்திருக்கிறது. அச்சன்புதூரில் அவள் அம்மா அதைச் சூடு என்று நினைத்து, உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, சீசன் நேரமென்று குற்றாலத்தில் குளிக்கவும் வைத்திருக்கிறார்கள். கிருமி உள்ளே இருக்க, அருவி என்ன செய்யும். காய்ச்சலோடு வலி எடுத்தபோதும், சூட்டு வலிதாம்ட்டி, கசாயம் குடிச்சா நிக்கும் என்றார்களாம். அவள்தான் கேளாமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் பிள்ளையின் நுரையீரலுக்கான ஊசியைப் பிரசவத்துக்கு முன்னாலேயே போட முடிந்தது. நீயோ போனில், பைக்கில் போனாயா, பப்பாளி தின்றாயா என்று கேட்டாயாம். பழக் கடைக்காரன் மகன் கேட்கிற கேள்வியா அது. இனிக் கேட்காதே, அவளுக்கு நன்றி சொல்.

பிள்ளையை நெஞ்சோடு ஒட்டிப் போட்டுக் கதகதப்பு கொடுக்கச் சொல்கிறார்கள். அவள் சாப்பிடும்போது நான் சட்டையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொள்கிறேன். தாத்தா, போன் வந்தாலும் அசையப்படாது என்று நர்ஸ் ஷரீபுன்னிசா மிரட்டி வைத்திருக்கிறாள். யாவாரம் கிடக்கட்டும்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வருமாம். ஒன் யாவாரப் புத்தி வரட்டும், நீயே தொட்டு வைண்ணே என்று அத்தை கிண்ணத்தில் சீனித் தண்ணீர் கொண்டுவந்தாள். தாய்ப்பால் தவிர ஒரு சொட்டும் கூடாது என்று நர்ஸ் முறைத்தாள், அதை நானே குடித்துவிட்டேன். அவன் நாக்கில் முதலில் பட்டது வள்ளியின் பால். அவள் குணமே அவனுக்கு வரட்டும்.

லீவு கிடைத்ததும் வா, சளியோடு வந்தால் பிள்ளையைத் தொடாதே. குற்றாலநாதர் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
சொரிமுத்து