பிசிறு என்று நினைத்து வெட்டிய நுனி

என் கத்திரிக்கோல் அக்காவுக்கு,

இந்தப் பெயரை வைத்ததற்காக நீ என் காதைத் திருகியது நினைவிருக்கிறது. இப்போது திருக ஆளில்லை என்ற தைரியத்தில் அதையே எழுதுகிறேன். நீ போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. போன வாரம் அந்த மணிவாருக்கு உரியவர்கள் வீட்டிலிருந்து மறுபடி வந்திருந்தார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள். பொறுமை உன்னிடம் என்றைக்கு இருந்தது என்று கேட்காதே, அது எனக்கும் தெரியும்.

பாளையங்கோட்டையில் வேதியியல் படித்துவிட்டு அறுபதுகளின் தொடக்கத்தில் நீ ஜெர்மனிக்கு வந்தாய். ஏதாவது மருந்துக் கம்பெனியில் சேருவாய் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். நீயோ ஓர் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் பழந்துணியும் பழந்தோலும் பழுதுபார்க்க உட்கார்ந்துவிட்டாய். "செத்தவன் சட்டையைத் துவைக்கவா இவ கடல் தாண்டிப் போனா?" என்று அப்பா கேட்டதை நான் உனக்கு எழுதவில்லை. நீ எப்படியோ தெரிந்துகொண்டாய்.

சில ஆண்டுகள் கழித்து நான் மியூனிக்கில் சட்ட ஆராய்ச்சிக்கு வந்தேன். நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தங்கள்தான் என் பாடம். கையெழுத்தும் முத்திரையும் இல்லாதது ஒப்பந்தமே அல்ல என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதி வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை ரயிலேறி உன்னிடம் வருவேன். நடைமேடையில் நீ முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, சட்டைக் கையில் தொங்கும் நூலை. கைப்பையிலிருந்து சின்னக் கத்திரி வெளியே வரும், நறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம்தான் நலம் விசாரிப்பு. அம்மாவும் அப்படித்தான். பிசிறைக் கண்டால் நம் வீட்டுப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது.

அந்தக் கைக்குத்தான் அந்த மணிவார் வந்து சேர்ந்தது. இரண்டு முழ நீளம், நாலு விரல் அகலம். வெள்ளையும் கருஊதாவுமாகச் சிப்பியில் கடைந்த மணிகள். நடுவில் இரண்டு மனிதர்கள் கைகோத்து நிற்கிறார்கள். இருநூறு ஆண்டுக்கு முன் ஆங்கில அரசருக்காகப் போரிடக் கடல் தாண்டிப் போன ஏதோ ஒரு ஜெர்மன் அதிகாரி கொண்டுவந்ததாம். 'இடுப்பு வார், அலங்காரத்துக்கு, வட அமெரிக்கா' என்று பதிவேட்டில் இருந்தது. இரண்டு நுனிகளிலும் மணி கோக்காத தோல் இழைகள் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கின. நீ ஒரு நுனியைச் சமமாக நறுக்கி, முடிச்சுப் போட்டு, அழகாக முடித்துவைத்தாய். வெட்டிய இழைகளை எறியாமல் காகித உறையில் போட்டுத் தேதியும் எழுதினாய். மறுநுனியைத் திங்கட்கிழமைக்கு என்று விட்டுவைத்தாய்.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளின் கரையில் காலங்காலமாக வாழும் ஒரு பழங்குடி மக்களிடமிருந்து. உங்கள் அருங்காட்சியகச் சிறுநூலில் படத்தைப் பார்த்தோம், அது இடுப்பில் கட்டுகிற வார் அல்ல, ஆங்கில அரசருடன் எங்கள் முன்னோர் செய்துகொண்ட உடன்படிக்கை, பார்க்க வருகிறோம், அதுவரை அதில் எதையும் மாற்றவேண்டாம், முக்கியமாகத் திறந்திருக்கும் நுனிகளை என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மாலை நீ தொலைபேசியில் அழைத்தாய். "ஏல, நான் அதை வெட்டிட்டேன்" என்றாய். நீ அழுது நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

படத்தில் நடுப்பகுதி மட்டும்தானே இருக்கிறது, நாமாகச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று உன் அருங்காட்சியகத் தலைவர் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை ஜெர்மனியிலும் உண்டு என்று நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகலாம், அந்த வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் போய்விடும். மொழிபெயர்ப்புக்கு ஆள் வேண்டும் என்று அவர் என்னையே அழைத்தார். வாசலில் நிறுத்தி, அவர்கள் கேட்டதை மட்டும் சொன்னால் போதும், வெட்டிய பேச்சே வேண்டாம் என்றார். நானும் தலையாட்டினேன், அக்கா. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். அவர் வாரை உடனே தொடவில்லை. வெகுநாள் கழித்துக் கண்ட உறவினரிடம் பேசுவதுபோல் முதலில் அதனிடம் ஏதோ பேசினார். அப்புறம் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினார். அவர் தம் மொழியில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் ஜெர்மனில் சொன்னேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. உடன்படிக்கை நடந்த அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, யார் எங்கே உட்கார்ந்தார்கள், அரசரின் ஆள் என்ன வாக்குக் கொடுத்தான், இவர்கள் என்ன பதில் சொன்னார்கள், எல்லாம் மணி மணியாக விரலடியில் வந்தது. இரு வீட்டுக்கும் நடுவில் ஒரு பாதை, முள் விழுந்தால் இருவரும் சேர்ந்து அகற்றவேண்டும். ஏழு ஆண்டுகள் ஒப்பந்தம் படித்தவன், ஓர் ஒப்பந்தத்தை முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

அதே உடன்படிக்கையை ஆங்கிலேயர் எழுதிவைத்ததன் அச்சுப் பிரதி என் பையில் இருந்தது. 'நிலத்தை என்றென்றைக்குமாக விட்டுக்கொடுத்தோம்' என்று அதில் இருக்கிறதே என்று நான் கேட்டேன். வக்கீல் புத்தி. அவர் கோபப்படவில்லை.

"அவர்கள் ஒருமுறை எழுதிப் பெட்டியில் பூட்டினார்கள். நாங்கள் எல்லோர் முன்னாலும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தோம். எதில் பொய் நுழைவது சுலபம்?"

அப்போது அவர் விரல் உன் முடிச்சில் வந்து நின்றது. தலைவர் என்னைப் பார்த்தார். நீ எழுந்து போய் உறையை எடுத்துவந்து, அவர் முன்னால் வைத்தாய்.

"நான்தான் வெட்டினேன்" என்றாய் ஆங்கிலத்தில்.

அதை நான் ஜெர்மனில் சொல்லவேண்டியிருந்தது, ஏற்கெனவே எல்லாம் தெரிந்த உன் தலைவரிடம். சொன்னேன்.

பெரியவர் இழைகளை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தார். நுனி திறந்திருப்பதற்குக் காரணம் பேச்சு இன்னும் முடியவில்லை என்பது, இரு பக்கமும் சந்திக்கும்போதெல்லாம் அது தொடரவேண்டும், முடித்துவைக்க எங்களுக்கே உரிமை இல்லை என்றார். பிறகு முடிச்சை நீயே அவிழ் என்றார். நீ போட்ட முடிச்சை நீயே அவிழ்த்தாய். உறை வாருடனேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, "இனி இதைச் சொல்லும்போது உன்னையும் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார். அது ஒரு கண்டிப்பு என்றுதான் நாம் இருவரும் நினைத்தோம், இல்லையா?

வேலை போகவில்லை. தலைவர் ஒரு மாதம் உனக்கு வணக்கம் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் என் முதல் அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டேன்.

இனி நீ அறியாத செய்தி. பெரியவரும் இறந்துவிட்டார். போன வாரம் மகள் தனியாக வந்தாள். வாரைத் திருப்பித் தரும்படி அவர்கள் கேட்டு நாளாகிறது, பரிசீலிக்கிறோம் என்ற பதில்தான் வருகிறது. ஆனால் பதிவேட்டில் 'அலங்காரம்' போய் 'உடன்படிக்கை' வந்திருக்கிறது. அவள் அப்பாவைப் போலவே ஏந்திக்கொண்டு தன் மொழியில் தொடங்கினாள், ஆங்கிலத்தையும் அவளே சொன்னாள், நான் ஜெர்மனில் சொன்னேன். காற்று, உட்கார்ந்த இடம், வாக்கு, பாதை, எதுவும் மாறவில்லை. விரல் குட்டையான இழைகளுக்கு வந்தது. அவள் நிறுத்தவில்லை.

"கடலுக்கு இப்பால் ஒரு வீட்டில், அதே அரசர்களிடம் தன் நாட்டையும் இழந்திருந்த ஒரு பெண், தெரியாமல் இந்த நுனியை வெட்டினாள். மறைக்கவில்லை. முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். அவள் பெயர் கிரேஸ். ஊர் பாளையங்கோட்டை."

'கோட்டை'யில் கொஞ்சம் தடுக்கினாள். ஆனாலும் சொன்னாள். என்னால்தான் அதை ஜெர்மனில் சொல்ல முடியவில்லை. அவர்கள் ஊரில் எல்லோர் முன்னாலும் இப்படித்தான் சொல்கிறார்களாம், பிள்ளைகளும் இப்படியே கற்கிறார்களாம். நம் அப்பா பெயர்கூட நமக்குப் பின் யார் வாயிலும் இருக்காது. உன் பெயர் இருக்கும், அக்கா. ஒரு தவறைக்கூட இப்படி உட்காரவைத்துச் சோறு போடுவார்களா? அந்த அரசரின் ஆட்கள் வெட்டியதெல்லாம் எவ்வளவோ, அவர்களில் யார் ஓர் உறையைக் கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள்?

அவர்களுடைய கோரிக்கையை ஜெர்மனில் சட்டப்படி எழுதித்தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் விடமாட்டேன். வார் வீடு திரும்பும் நாளில் உன் உறையை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன். அன்று உன் பெயரை ஜெர்மனிலும் முழுதாகச் சொல்வேன்.

வாசலில் தலையாட்டியதை இன்றுதான் உன்னிடம் ஒப்புக்கொள்ளும்,
உன் தம்பி
டேனியல்