இருபத்துமூன்று, உள்ளேன் டீச்சர்

இன்று காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சொம்பின் வயிற்றில் உன் பெயர் கட்டைவிரலில் நெருடியது. பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாகத் தட்டிக் கொடுத்த பெயர். இந்த எவர்சில்வர் சொம்பில் நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தண்ணீர் குடிக்கிறேன். விரல் தினமும் அந்தப் புள்ளிகள் மேல் போய் வரும், ஒன்றும் தோன்றாது. இன்றைக்கு மட்டும் குழாயை மூடிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நேற்றுதானே உன் காரியத்துக்கு ஆரணி போய் வந்தேன்.

மாலை போட்டிருந்த படத்தில் நீ கண்ணாடி அணிந்து, நரைத்த தலையோடு, அசையாமல், யாரோ போலிருந்தாய். உன் மகள் காபி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ உயிரோடு இருந்தவரை வாய் திறக்காமல், இனிமேல் படிக்கவே மாட்டாய் என்றான பிறகு பேனாவைத் தூக்குகிறேன் பார், என் வீரத்தை நீதான் மெச்சிக்கொள்ள வேண்டும்.

அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு. வருகைப் பதிவேட்டில் நான் இருபத்திரண்டு, நீ இருபத்துமூன்று. நான் வகுப்பு லீடர். நீ தினமும் தாமதமாக வருகிறவள். உங்கள் அப்பாவின் பட்டுத்தறியில் ஒரு பக்கத்துக் கரைக்கு, நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிப் போட இன்னொரு ஆள் வேண்டும். உன் தம்பி டியூஷன் முடித்து வரும்வரைக்கும் அந்த ஆள் நீ. அவன் வந்ததும் எழுந்து, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கால் மைல் ஓடி வந்து பின்வாசல் வழியாக நுழைவாய். அதற்குள் முதல் பாட வேளையில் எண் கூப்பிட்டு முடிந்திருக்கும்.

பூகோள டீச்சர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார். ‘இருபத்திரண்டு’ என்பார். என் கீச்சுக் குரலில் ‘உள்ளேன் டீச்சர்’ என்பேன். ‘இருபத்துமூன்று’ என்பார். தொண்டையைக் கட்டையாக்கி, உன் குரலில் இன்னொரு ‘உள்ளேன் டீச்சர்’. முன்னும் பின்னும் இருந்த இரண்டு பெஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். வருஷம் முழுக்க இப்படித்தான் உனக்கு ஆஜர் விழுந்தது. பிற்பாடு எனக்கே பழகிவிட்டது. இருபத்திரண்டு சொன்ன வாய் இருபத்துமூன்றையும் தானாகச் சொல்லிவிடும், நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்கூட. நீ தொடையில் கிள்ளுவாய்.

உன்னைப் போல் ஓடுகிறவளை நான் பிறகு பார்க்கவில்லை. விளையாட்டு விழாவில் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு இருநூறு மீட்டர் ஓடினாய். இரண்டாவதாக வந்தவள் இன்னும் வளைவு திரும்பிக்கொண்டிருந்தாள். எதற்கடி இப்படி உயிரை விட்டுக்கொண்டு ஓடுகிறாய் என்று கேட்டேன். மூச்சு வாங்க என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

“தறிகிட்ட குந்திகினே இருந்தா காலு மரத்துப் பூடுதுடீ. ஓடுனாத்தான் எனக்கும் காலு கீதுன்னு தெரியுது.”

ஆனால் உன் ஆசை ஓட்டத்தோடு நிற்கவில்லை. பதினொன்று பாஸ் செய்துவிட்டால் உடற்கல்வி டீச்சர் பயிற்சிக்குப் போகலாம் என்று விளையாட்டு டீச்சர் உனக்குச் சொல்லியிருந்தார். கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்கப்போவதாக என்னிடம் மட்டும் சொன்னாய். அதற்கு அந்தப் பரீட்சையை எழுதியாக வேண்டும். உன் அப்பா அதுவரைக்கும் சம்மதித்திருந்தார்.

மாசியில் சுற்றுலா. காலையில் சாத்தனூர் அணை, திரும்பும் வழியில் ஆரணிப் பக்கத்துச் சமணர் மலையான திருமலை. நீ வருவதே நிச்சயமில்லாமல் இருந்தது, ஒரு நாள் தறி நிற்கும் என்பதால். உன் தம்பி லீவு போட்டு உட்கார்ந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான் என்று சண்டை பிடித்தாய். திருமலையில் எல்லோரும் படியேறி, பாறையில் செதுக்கிய அந்தப் பெரிய தீர்த்தங்கரரை அண்ணாந்து பார்த்து, குகையின் விதானத்தில் சித்திரம் பார்த்து, இறங்கி வந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். நீ பாதியிலேயே கை கழுவிவிட்டாய்.

“நான் இன்னொரு தபா ஓடிப் போயி மேல தொட்டுட்டு வரேன். நீ எண்ணிகினு இரு. எவ்ளோ ஆவுதுன்னு பாக்கலாம்.”

எண்ணினேன். அறுபதோ எழுபதோ எண்ணியிருப்பேன். பூகோள டீச்சர், ‘லீடர், சாதக் கூடையை எடுத்து பஸ்ஸில் வை, பொழுது போகிறது’ என்று கூப்பிட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். எண்ணிக்கை மறந்தது. உன்னையும் மறந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைத்தான் எழுதுகிறேன். மீந்த பொட்டலத்துக்கு அடித்துக்கொண்ட கும்பலைச் சமாளித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் முன் சீட்டில் உட்கார்ந்து எண் கூப்பிட ஆரம்பித்தார். பின் சீட்டில் பாட்டும் கூத்துமாக இருந்தது. நீ அங்கேதான் இருப்பாய் என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு. உள்ளேன் டீச்சர். இருபத்துமூன்று. உள்ளேன் டீச்சர். பஸ் கிளம்பிவிட்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் இறங்கினோம். உன் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒவ்வொருத்தியாக இறங்க இறங்க அவர் எட்டி எட்டிப் பார்த்தார். கடைசி ஆள் இறங்கியதும் டிரைவர் கதவைச் சாத்தினார். டீச்சர் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். ‘கிளம்பும்போது இருந்தாளே, உள்ளேன் சொன்னாளே.’

நீ அங்கே பத்திரமாகத்தான் இருந்தாய். அந்த ஊருக்கு அப்போது இரண்டே பஸ், கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது. படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த உன்னை அடிவாரத்து நயினார் வீட்டம்மா கூட்டிப் போனார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற ஜைன வீடு, உனக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் அவர்கள் சாப்பிட்டார்களாம். மறுநாள் முதல் பஸ்ஸில் அந்த வீட்டுப் பெரியவரே கொண்டுவந்து உங்கள் வாசலில் விட்டார். உன் அப்பா அவருக்குக் காபி கொடுத்து, கும்பிட்டு அனுப்பினார். ஆனால் தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்துவிட்டது, ராத்திரி வெளியே தங்கிவிட்டு வந்த பெண்ணை.

அன்று மத்தியானம் பெரிய டீச்சர் அறை. நம் தலைமையாசிரியையை அப்படித்தானே கூப்பிடுவோம். மேசைக்கு இந்தப் பக்கம் உன் அப்பா, சுவரோரம் நீ, பக்கத்தில் பூகோள டீச்சர். லீடர் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். படியேறி ஓடிப் பார்க்கத்தான் போனேன் என்று நீ சொல்லி முடித்திருந்தாய்.

“ஓடறதுக்குப் போனாளாம்,” என்றார் உன் அப்பா. “சரி, போனா. அப்போ பஸ்ஸுல இவளுக்கு பதிலா கொரல் குடுத்தது யாரு? முன்னாடியே பேசி வெச்சிகினுதான போயிகிறாங்க? யாரப் பாக்கப் போனா?”

அவர் கத்தவில்லை. தோள் துண்டை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டார். பெரிய டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். “யாரு சொன்னான்னு தெரிஞ்சா போதும். இது புள்ளைங்க விளையாட்டுன்னு ஆயிடும். உங்க பொண்ணு மேல தப்பில்லன்னு நானே எழுதிக் குடுக்கறேன், பரீட்சைக்கு அனுப்புங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “லீடர், யார் சொன்னது?”

வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? அடுத்த வாரம் ஆண்டு விழா. அந்த வருஷத்துச் சிறந்த மாணவி நான்தான் என்று முடிவாகியிருந்தது. அழைப்பிதழ் அச்சாகி, என் அப்பா அதை ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் பொய் ஆஜர் சொன்ன லீடருக்கு எவர் பரிசு கொடுப்பார்? அந்த ஒரு நிமிஷத்தில் என் புத்தியில் ஓடியது இது மட்டும்தான். உன் முகம்கூட ஓடவில்லை. தெரியவில்லை டீச்சர் என்றேன். சீச்சீ, எழுதும்போதே கை கூசுகிறது.

பெரிய டீச்சர் உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நீளமாகப் பார்க்கவில்லை, வகுப்பில் பென்சில் கேட்கும்போது பார்ப்பாயே, அவ்வளவுதான்.

“தெரியாது டீச்சர்.”

உன் அப்பா எழுந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், அன்றோடு உன் படிப்பு நின்றது. அந்த இரண்டு பெஞ்சுக்கும் விஷயம் தெரியும், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அந்த வயதில் காட்டிக்கொடுக்காமல் இருப்பதைப் பெரிய தர்மமாக நினைத்தோம். நீயும் அப்படி நினைத்துத்தான் என்னைக் காப்பாற்றினாயா? நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டதற்கு மட்டும் அப்படி ஒரு பெயரும் கிடையாது.

ஆண்டு விழாவில் என்னை இரண்டு தடவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சிறந்த மாணவிக்கு ஒரு தட்டு. அப்புறம் இருநூறு மீட்டர் முதல் பரிசுக்கு உன் பெயரை வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ‘லீடர், நீ வந்து வாங்கிக்கொள்’ என்றார்கள். உனக்குப் பதிலாக இன்னொரு தடவை நான். கைதட்டல்கூடக் கேட்டது.

உன் பரிசாகக் கொடுத்த இந்தச் சொம்பை மறுநாள் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று தெருமுனை வரைக்கும் உறுதியாகத்தான் இருந்தேன். நீ தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட்டுக்கொண்டிருந்தாய். உன் அப்பா நிமிர்ந்து பார்த்து, ‘வாம்மா’ என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையில் என் உறுதியெல்லாம் போயிற்று. சொம்பை நீட்டினேன். நீ கையை நிறுத்தவில்லை.

“நீயே வெச்சிக்கடீ. நீதான எனக்கு பதிலா போயி வாங்குன.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அந்தச் சிரிப்பை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன், இன்னும் பிடிபடவில்லை.

பங்குனியில் பரீட்சை. உன் நுழைவுச் சீட்டும் வந்திருந்தது, பள்ளி அலுவலகத்திலேயே கிடந்தது. எனக்குப் பின்னால் உன் மேசை. ஒவ்வொரு நாளும் மேற்பார்வையாளர் வந்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, வராதவர் என்று குறித்துக்கொண்டு போனார். ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்த்தேன். நான் முதல் வகுப்பில் பாஸ் செய்தேன். உனக்கு ஆவணியில் கொசப்பாளையத்தில் கல்யாணம், அங்கேயும் தறி.

பிறகு நான் டீச்சரானேன், வந்தவாசிப் பக்கம். எண்பத்திரண்டோ எண்பத்துமூன்றோ, வருஷக் கடைசியில் என் வகுப்பைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிறேன். டீ குடிக்க ஆரணி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினால், இடுப்பில் குழந்தையோடு நீ. எங்கே போகிறாய் என்று கேட்டாய். திருமலைக்கு என்றேன். பஸ்ஸில் இருந்த பிள்ளைகளை ஒரு சுற்று பார்த்தாய்.

“மொகத்தப் பாத்து எண்ணிகினு ஏத்துடீ. கொரல நம்பாத.”

கேலியாகத்தான் சொன்னாய். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது, நீ அதன் கையைத் தட்டினாய். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. டிரைவர் ஹாரன் அடித்தார். அதையே சாக்காக வைத்துக்கொண்டு ஓடி ஏறிவிட்டேன். அதற்கப்புறம் உன் வீட்டுக்கும் எத்தனையோ தடவை வந்து போனேன்.

அன்றிலிருந்து ரிட்டையராகிற நாள்வரை, முகத்தைப் பார்க்காமல் ஒரு பிள்ளைக்கும் ஆஜர் போட்டதில்லை. இருபத்துமூன்று வந்ததும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். ‘டீச்சருக்கு இருபத்துமூன்று மேல் ஒரு கண்’ என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். ஒரு பெண் பத்து நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் அவள் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவேன். எத்தனையோ அப்பாக்களிடம் வாதாடியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். உன் அப்பாவிடம் பேச வேண்டியதைத்தான் ஊரில் இருக்கிற அப்பாக்களிடமெல்லாம் பேசினேன். அதனால் உனக்கு என்ன?

நேற்றைக்கு வருகிறேன். காபி ஆறிக்கொண்டிருந்தது. உன் மகளிடம், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும் பெரிம்மா. திருமலைதான? அம்மா சொல்லிகிறாங்க.”

அம்மா கோபமாகச் சொன்னாளா என்று கேட்டேன்.

“இல்ல பெரிம்மா. சாதம் போட்டுகினே சொன்னாங்க. நீங்க எப்போ வந்துட்டுப் போனாலும் சிரிப்பாங்க. ‘இன்னிக்கும் என்னமோ சொல்ல வந்தா, சொல்லாமயே போறா பாரு. அடுத்த தபா சொல்லுவா’ம்பாங்க.”

அடுத்த தபா, அடுத்த தபா என்று நீ காத்திருந்திருக்கிறாய். நான் முறுக்கும் பூவும் வாங்கிக்கொண்டு வந்து, மழையைப் பற்றியும் என் முழங்காலைப் பற்றியும் பேசிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த வீட்டில் அழ எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்து அடக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவாசி வரைக்கும் அழுதேன்.

சொம்பைக் கழுவித் துடைத்துவிட்டேன். உன் மகளிடம் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வேண்டாம். ‘நீயே வெச்சிக்க’ என்று நீ சொன்னதை மாற்ற நான் யார்? இதோ மேசைமேல் இருக்கிறது. பெரிய டீச்சர் மறுபடியும் என் பக்கம் திரும்பி, யார் சொன்னது என்று கேட்கிறார். உன் அப்பா துண்டை மடித்துக்கொண்டே இருக்கிறார். நீ சுவரோரம் நிற்கிறாய்.

நான்தான் டீச்சர். இருபத்துமூன்றுக்கும் நான்தான் சொன்னேன். அவள் அப்போது மேலே, படியில் ஓடிக்கொண்டிருந்தாள்.