சபாபதியின் தவிலுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

அடேய் சபாபதி, என் பாவி மச்சானே,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாளாக உன் மேல் எனக்கு ஒரே ஒரு கோபம்தான் இருந்தது. போன வாரம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மனசுக்குள் திட்டித் திட்டிப் பார்த்தேன், ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் கோபம் உனக்கே தெரியும். முப்பது வருஷம் நீ தவில் வாசித்த இடமெல்லாம் நான் மைக் செட் போட்டிருக்கிறேன். ஆனால் உன் வாசிப்பில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பதிவு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தென்னேரிக் கல்யாணத்தில், பெண் அழைப்பு முடிந்த சாயந்தரம் தனியாக இருபது நிமிஷம் வாசித்தாயே, அது. நான் ரெக்கார்டர் வாங்கியதே அந்த வருஷம்தான். அதற்கப்புறம் நான் ரெக்கார்டரை வெளியே எடுத்தாலே, "வேணாம்பா, உள்ள வை" என்பாய். எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்? தலைக்கனம் பிடித்தவன் என்று உன்னைப் பிள்ளையார்பாளையம் முழுக்கத் திட்டியிருக்கிறேன்.

உன் மகள் தேவி ஓரிக்கையில் வீடு கட்டிக் குடிபோய்விட்டாள். ஹாலில் பெரிய புத்தக அலமாரி. அதில் வைக்கிற அளவில், உயர்ந்த ரகமாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும் என்று என்னிடம் வந்தாள். "பாட்டு கேக்கறதுக்கு இல்ல மாமா. அப்பாவோட வருஷ தெவசத்தன்னிக்கு எல்லாரும் உக்காந்து அவரு வாசிச்சத கேக்கணும். நீங்கதான் செலக்ட் பண்ணணும்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

சென்னையில் கடை. கீழே கம்பளம், சுவரெல்லாம் பஞ்சு. கடைக்காரருக்கு நம் வயசுதான் இருக்கும். வெள்ளைக்காரி ஒருத்தி பாடுவதைப் போட்டுவிட்டு, "அவங்க மூச்சு விடறதுகூட கேக்குது பாருங்க சார்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மூச்சு விட்டால் எனக்கென்ன, விடாவிட்டால் எனக்கென்ன? பென்டிரைவை நீட்டி, "எங்க ஊரு தவிலைப் போடுங்க" என்றேன்.

முதல் ஜோடி பார்க்க லட்சணமாக இருந்தது. உன் இடது கைக் கழி விழுந்தபோதெல்லாம் வயிற்றில் கும்மென்று இறங்கியது. ஆனால் வலது கை விரல்கள் ஒன்றோடு ஒன்று குழைந்துபோய்விட்டன. "இது வார்ம் சவுண்ட் சார், எந்தப் பழைய ரெக்கார்டிங்கும் இனிமையா இருக்கும்" என்றார். "பூசி மெழுகுதுன்னு சொல்லுங்க" என்றேன். யாரிடம் கதை விடுகிறார்?

இரண்டாவது ஜோடி சின்னது, கறுப்பு, அழகே கிடையாது. போட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். உன் விரலில் மாட்டிய கூடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தோலில் பட்டுத் திரும்பின. நீ எதிரே உட்கார்ந்து வாசிக்கிறாய் என்று சத்தியம் செய்வேன். அப்புறம் நீ சத்தத்தைக் குறைத்து, விரல் நுனியால் மட்டும் வாசிக்கிற இடம் வந்தது. அங்கே வலப்பக்க ஸ்பீக்கரிலிருந்து ஒருத்தன் பேசினான்.

"இவன் வாசிக்கறத இங்க யாருபா கேக்கறா? எல்லாம் பந்திக்குக் காத்துக்கினு இருக்குது. நாலு தட்டு தட்டிட்டு எறங்குவானா, உசுர வாங்கறான்."

யாரோ சிரித்தார்கள். பேசியது நான்.

அன்றைக்கு ரெக்கார்டரை மிக்சர் மேஜையிலேயே, என் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத் தொழிலில் இருப்பவன் செய்கிற காரியமா இது? என் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளிலும் போனிலும் அந்தப் பேச்சு தவிலுக்கு அடியில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. கடைக்காரர் சந்தோஷமாக, "யாரோ பேசறது கேக்குது பாருங்க சார். இந்த ஸ்பீக்கர் எதையும் மறைக்காது" என்றார். அந்த ஆளை அடித்திருப்பேன்.

தேவி குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து, "மொதல் ஜோடியே போதும்மா, இது காதைக் கிழிக்குது" என்றேன். பச்சைப் பொய். உன் மகளிடம், உன் தவிலைப் பற்றி, கூசாமல் சொன்னேன்.

"இல்ல மாமா. இதுவே இருக்கட்டும்" என்றாள்.

திரும்பும்போது சுங்குவார்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினோம். அவளே ஆரம்பித்தாள். "எனக்கு முன்னாடியே தெரியும் மாமா. காலேஜ் படிக்கசொல்ல ஹெட்போன்ல கேட்டேன்."

"உங்கப்பனுக்கு?"

"அவரும் கேட்டாரு. நான்தான் காதுல மாட்டிவுட்டேன், நல்லா இருக்குதுப்பான்னு. கழட்டி வெச்சிட்டாரு."

"என்ன சொன்னான்?"

"அவன் சொல்றது நெஜம்தாம்மா, யாரு கேக்கறான்னாரு. அவ்ளோதான். அதுக்கப்புறம்தான் ரெகார்டு பண்ண வேணாம்னு சொல்ல ஆரம்பிச்சாரு."



இப்போது சொல், எனக்குக் கோபம் வருமா வராதா? பசியில் ஒரு மடையன் உளறியதை வேதவாக்காக எடுத்துக்கொள்வாயா? நேராக என் மைக் செட் கடைக்கு வந்து என் சட்டையைப் பிடித்து, "என்னடா சொன்ன அன்னிக்கு?" என்று கேட்டிருக்க வேண்டாமா? நாலு அறை விட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதை விட்டுவிட்டு, மறுநாளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாய். நான் உன்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று சொன்னபோதெல்லாம் சிரித்திருக்கிறாய். இத்தனை வருஷம் என்னைப் பற்றி என்னடா நினைத்துக்கொண்டிருந்தாய்? ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லையா உனக்கு? இப்போது யாரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பது?

என் மேல் இருக்கிற கோபத்தை எழுதவே முடியாது. நான் வாய்விட்ட பேச்சால் நீ சாத்திக்கொண்ட கதவு அது. உன் மகளுக்கு இருபது நிமிஷம்தான் மிஞ்சியது, அதிலும் என் எச்சில் பட்டிருக்கிறது.

ஸ்பீக்கர் வந்துவிட்டது. நேற்று நானே அலமாரியில் இடம் பார்த்து வைத்தேன், காது உயரத்துக்கு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. தேவி மெதுவாக, "அந்த எடத்த மட்டும் கம்ப்யூட்டர்ல வெட்டி எடுத்துடலாமா மாமா? உறவெல்லாம் வருவாங்க" என்றாள். என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள், உன்னைப் போலவே. எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. வெட்டினால் உன் விரல் நுனியும் சேர்ந்து போகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திவசத்தன்று முதல் வரிசையில் உட்காருவேன். அந்த இடம் வரும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கையைத் தூக்கி, பேசினவன் நான்தான் என்பேன். மிச்சத்தை வாய் திறக்காமல் கடைசி வரை கேட்பேன். முடிந்ததும் எழுந்து, உன் படத்தைப் பார்த்து, முப்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட உன்னிடம் சொல்லாததை அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன்.

நீ நன்றாக வாசித்தாய்டா.

இப்படிக்கு,
உன் வாயாடி மச்சான்,
மைக் செட் குமரவேலு