கெளிற்றுக்குத் துணை தேடியவர்

முன் யன்னலில் ஒரு கண்ணாடி வெடித்துவிட்டதென்று இன்று காலை பட்டணத்துக்குப் போனேன். கடைக்காரர் சட்டத்தின் ஓரத்தில், கண்ணாடியை ஒட்டிப் பிடிக்கிற புட்டிக் களிம்பை அப்பிக் காட்டினார். அந்த எண்ணெய்ப் பிசின் மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது உங்கள் மணம். வேலையால் வந்து நீங்கள் கழற்றிப் போட்ட சேட்டுகளில் எத்தனை வருஷம் அதை நான் தோய்த்திருப்பேன். கண்ணாடியும் வாங்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். அடுப்பும் மூட்டாமல் இருந்து இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்த காலத்தில் நான் சொன்னதையே கேட்காத மனிதர், இப்போது நான் எழுதியதையா வாசிக்கப் போகிறீர்கள்? என்றாலும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொழும்புத்துறையில் உங்களை இப்போதும் எப்படி அடையாளம் சொல்கிறார்கள் தெரியுமா? 'கெளிற்று மீன் குத்திச் செத்தவர்.' கடலுக்குப் போய்த் திரும்பாத உங்கள் தகப்பனாரைப் பற்றிக் கதைக்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். வீட்டு விறாந்தையில், கண்ணாடித் தொட்டிக்குள் கை விட்டுச் செத்த உங்களைப் பற்றிக் கதைக்கும்போது வாயைப் பொத்துகிறார்கள். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று. எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. உங்கள் மேல்தான் கோபம், இன்றைக்கும்.

தகப்பனார் போன பிறகு உங்கள் அம்மா உங்களை வள்ளத்தில் ஏற விடவில்லை. அண்ணன்மார் இரண்டு பேரும் தொழிலுக்குப் போனார்கள். கடைக்குட்டியான உங்களைப் பட்டணத்துக் கண்ணாடிக் கடையில் சேர்த்துவிட்டார்கள். சாமிப் படங்களுக்குச் சட்டம் போட்டு, அலுமாரிக்குக் கண்ணாடி வெட்டி, நீங்கள் கரையிலேயே ஆளாகிவிட்டீர்கள். பெரியண்ணைக்கு அது ஒரு தீராத பகிடி. "எங்கடை சின்னவன் மீனைக் கண்ணாடிக்குள்ளாலைதான் பாப்பான்" என்று கலியாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். உங்கள் காது மடல் மட்டும் சிவந்து போகும். அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கடைகளில் சாமான் இல்லாமல் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் அந்தத் தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. பட்டணத்தில் ஒரு புடவைக் கடையை இடித்தபோது அதன் முன்பக்கக் கண்ணாடிகளை நீங்கள் கேட்டு வாங்கி, வண்டிலில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். இரும்புச் சட்டம் அடித்து, புட்டி வைத்து, மெழுகு பூசி, ஆறடி நீளத்துக்கு ஒரு தொட்டி. முதல் தடவை தண்ணீர் விட்டதும் விறாந்தை முழுக்க வெள்ளம். இரண்டாம் தடவையும் அப்படித்தான். எங்கள் கிணறோ உவர். அந்தத் தண்ணீரில் பருப்பே வேகாது, மீன் எங்கே சீவிக்கும்? நீங்கள் சைக்கிளில் தகரங்களைக் கட்டிக்கொண்டு நல்ல தண்ணீர்க் கிணறு தேடிப் போய் வந்தீர்கள்.

"இஞ்சாருங்கோ, எனக்குக் குடிக்க ஒரு குடம் அள்ளித் தர நாரி நோகுது எண்டியள். உதுகளுக்கு மட்டும் நோகேல்லையோ?" என்று கேட்டேன்.

"நீ வாய் திறந்து கேப்பாய். உதுகள் கேக்குமே?" என்றீர்கள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அயலில் யாரும் அதை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டி பார்க்க வந்த பெண்கள் மீனையும் பார்த்து, என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்காகவே முதலில் அந்தத் தொட்டியைக் கண்டால் எனக்கு ஆகாது.

அந்தத் தொட்டியில் எதோடு எதை விடுவது என்பதில்தான் உங்கள் முழு மூளையும் செலவானது. வன்னிக் குளங்களிலிருந்து வந்த கோடு போட்ட சின்னக் கெளிறுகள்தான் உங்களுக்கு உயிர். மீசையை மணலில் மேய விட்டு அடியிலே திரியும். பருமணல் மீசையை அறுக்கும் என்று, குருமணல் எடுத்து அரித்துக் கழுவிப் போட்டீர்கள். ஒன்றைத் தனியே விட்டால் மூலையில் கிடந்து தின்னாமலே செத்துப்போகும் என்று ஒரு கூட்டமாக விட்டீர்கள். ஆளுக்கொரு ஒதுக்கிடம் வேண்டுமென்று உடைந்த மண் முட்டியும் ஓட்டுத் துண்டும் வைத்தீர்கள். பிறகு அவற்றுக்குத் துணை. கொழும்பிலிருந்து றெயினில் வந்த பொன்மீன்களை முதலில் விட்டுப் பார்த்தீர்கள். விடிய எழும்பிப் பார்த்தால் அவற்றின் வால்கள் கந்தலாகக் கிடந்தன. மெல்ல ஆறுதலாக நீந்துகிறதும் நீள வால் உள்ளதும் கெளிற்றோடு சரிவராது என்று அன்று சொன்னீர்கள். கடைசியில் குளத்துக் கெண்டைகளைக் கொண்டு வந்தீர்கள். கெதியாக ஓடுகிற சாதி. மேல் தண்ணீரை விட்டுக் கீழே வராது. சண்டை ஓய்ந்தது.

"நீங்கள் கலியாணத் தரகராப் போயிருக்கலாம்" என்றேன்.

"தரகர் குணத்தைப் பாப்பார். நான் வாயைத்தான் பாப்பன்" என்றீர்கள். "வாய்க்குள்ளை அடங்கிறது எல்லாம் கெளிற்றுக்குச் சாப்பாடுதான். அது கோபத்திலை தின்னிறேல்லை. அதுக்கு வாய் அவ்வளவு."

பிறகு பிறகு நானும் அதைப் பார்க்கத் தொடங்கினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். பின்னேரங்களில் நீங்கள் தேத்தண்ணியோடு சாய்மனைக் கதிரையில் இருக்க, நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு, இரண்டு பேரும் பேசாமல் அந்தத் தண்ணீரைப் பார்த்திருந்த பொழுதுகள்தான் என் கலியாண வாழ்வில் நல்ல பொழுதுகள். கூட்டம் கூட்டமாக அவை ஒன்றையொன்று உரசாமல் திரிவதைப் பார்க்க மனதுக்குள் ஒரு நிம்மதி வரும். அப்போது அதை உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் இரண்டாவது தொட்டி கட்டிவிடுவீர்கள் என்று பயம்.

அந்தத் தைப்பொங்கலுக்கு மறுநாள் என் தம்பி வன்னியிலிருந்து வந்தான். அங்கே காணி எடுத்து நெல் விதைத்துக்கொண்டிருந்தவன். பஸ்ஸில் மடியில் வைத்தபடி ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் கொண்டு வந்திருந்தான். வழியெல்லாம் தண்ணீர் தளும்பி அவன் உடுத்திருந்த சாரம் நனைந்திருந்தது. தகரத்துக்குள் முழங்கை நீளத்தில் ஒரு குளத்துக் கெளிறு. வாய் மட்டும் என் உள்ளங்கை அகலம்.

"அத்தான், உங்கடை தொட்டிக்கு ஒரு ராசா வேணும். சின்னனுகளை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறியள்?" என்றான்.

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும். அந்த வாயை ஒரு பார்வை பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் சிரித்து, "நல்ல வடிவான மீன், மச்சான்" என்று சொல்லித் தகரத்தை வாங்கினீர்கள். அவன் குளிக்கக் கிணற்றடிக்குப் போனதும் நான் மெதுவாகச் சொன்னேன்.

"மத்தியானத்துக்குக் குழம்பு வைப்பம்."

"விசர்க் கதை கதையாதை. உன்ரை தம்பி மடியிலை வைச்சுக் கொண்டந்தது. அவனுக்கே அதைச் சட்டியிலை வைச்சுக் குடுக்கிறதோ?"

"அப்ப வாயளவு?"

"நடுவிலை ஒரு கண்ணாடி வைச்சு மறிப்பன். நான் கண்ணாடிக்காரன்தானே" என்றீர்கள்.

கொடுத்த பொருளை வேண்டாமென்று சொல்ல எங்கள் சனத்துக்கு வாய் வராது. அதிலும் பெண்சாதியின் தம்பி கொண்டு வந்தது. தொட்டியை இரண்டாகப் பிரித்தீர்கள். அவனுக்கு அது பெரிய பெருமை. போகும்வரை அதற்குப் புழு தோண்டிப் போட்டுக்கொண்டே இருந்தான். அவன் போன பிறகு ராசா மறிப்புக் கண்ணாடியை முட்டத் தொடங்கியது. ஒவ்வொரு முட்டுக்கும் அடுத்த பக்கத்துச் சின்னதுகள் முட்டிகளுக்குள் ஓடி ஒளித்தன. ஒருநாள் மறிப்பு விலகி, கெண்டைகளில் பாதியைக் காணவில்லை. குளத்தில் கொண்டுபோய் விடுவோம் என்றேன். அடுத்த அறுவடைக்குத் தம்பி வந்து கேட்டால் என்ன சொல்வது என்றீர்கள்.

பிறகு அந்த நாள். மறிப்பு மறுபடியும் சரிந்து, அந்தப் பெரிய மீன் அதற்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் சிக்கிக் கொண்டது. செவுள் அடிக்க முடியாமல் தவிக்கிறது என்று நீங்கள் சேட்டின் கையை மடித்துத் தண்ணீருக்குள் விட்டீர்கள். மீனின் பக்கச் செட்டை முள் உங்கள் உள்ளங்கையில் ஏறி முறிந்தது. அப்படியிருந்தும் மீனை எடுத்து நிமிர்த்தி விட்டுவிட்டுத்தான் கையை வெளியே எடுத்தீர்கள்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு வராமலிருக்க ஊசி போடுங்கோ. நானும் வாறன்" என்றேன்.

"கெளிறு குத்தினதுக்கோ?"

"ஓம், கெளிறு குத்தினதுக்குத்தான். முள்ளு உள்ளை கிடக்கு."

"அண்ணையாக்கள் மாசத்திலை பத்துக் குத்து வாங்கினம். ஆரும் ஆஸ்பத்திரிக்குப் போனவையே? கடலிலை குத்துப்பட்டவன் வீட்டை இருக்க, கண்ணாடித் தொட்டியிலை குத்துப்பட்டவன் ஊசிக்குப் போனான் எண்டு செத்த வீடு வரைக்கும் சொல்லிச் சிரிப்பினம். நாங்கள் கெளிற்றுக்கு மருந்து எடுத்த ஆக்களில்லை."

'நாங்கள்' என்றீர்கள். ஒருநாளும் வள்ளத்தில் கால் வைக்காத நீங்கள். எனக்கு அந்தச் சொல்தான் இன்றைக்கும் ஆறவில்லை.

முள்ளை ஊசியால் கிண்டி எடுத்தீர்கள். புகையிலையைச் சப்பி, அடுப்புச் சாம்பலோடு குழைத்து அப்பிக் கட்டினீர்கள். பின்னேரம் பெரியண்ணை வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். "என்னடா உது, நுளம்பு கடிச்சதோ?" என்றார். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது நீங்கள்தான். நான் உள்ளே போய்ச் சுளகைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். நாளும் பொழுதும் ஊசி ஊசி என்று கத்தினேன். அழுதும் பார்த்தேன், சமைக்காமலும் இருந்து பார்த்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு காயம் மூடிவிட்டது. "பார், உன்ரை பயம் ஆறிப்போச்சு" என்று உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினீர்கள்.

அதற்கு அடுத்த நாட்களில் ஒருநாள் பிட்டுச் சாப்பிட இருந்தவர் கோப்பையைத் தள்ளி வைத்தீர்கள். வாய் திறக்க முடியவில்லை, கடைவாய்ப் பல்லுக் கொதியாக இருக்கும் என்றீர்கள். நான் கஞ்சி காய்ச்சினேன். மறுநாள் கழுத்து விறைத்தது. காற்றுக்குக் கதவு அடித்த சத்தத்தில் உங்கள் முதுகு வில்லாக வளைந்தபோது நான் கத்திய கத்தலில் பெரியண்ணை வேலி பாய்ந்து வந்தார். உங்களைத் தூக்கிக் காரில் கிடத்தியவர் அவர்தான். "சின்னவன், சின்னவன்" என்று வழி நெடுக அழுதார். அவர் அழுததை நீங்கள் கேட்டீர்களோ தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

ஆஸ்பத்திரியில் உங்களை ஓர் இருட்டறையில் வைத்தார்கள். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் இழுக்கும் என்று, கதைக்கக் கூடாது, செருப்போடு நடக்கக் கூடாது. நான் வாசலில் நின்று பார்த்தேன். உங்கள் பல்லெல்லாம் தெரிந்தது. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, முகம் முழுக்க ஒரு சிரிப்பு. என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தாதி என் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

"அம்மா, அது சிரிப்பில்லை. ஏற்பு வருத்தத்துக்கு முகம் அப்பிடித்தான் இழுக்கும். அவருக்கு நினைவு இருக்கு, நோவும் இருக்கு. நீங்கள் அதைப் பாத்து ஏமாறக் கூடாது."

அன்று மத்தியானம் தந்தி கிடைத்துத் தம்பி வந்து சேர்ந்தான். முகத்தில் இரத்தமே இல்லை. "நான் கொண்டந்த மீனோ அக்கா?" என்று ஒரு தரம்தான் கேட்டான். நான் இருட்டறைப் பக்கம் கையைக் காட்டினேன். வாசல்வரை போய் உங்களைப் பார்த்தான். திரும்பி வரும்போது அவன் கண்ணில் தண்ணீர், முகத்தில் வெளிச்சம்.

"அக்கா, அத்தான் சிரிக்கிறார். என்னைக் கண்டிட்டுச் சிரிக்கிறார். ஒண்டுமில்லை, சுகமாயிடும்."

தாதி சொன்னது என் தொண்டை வரைக்கும் வந்தது. நான் அதை விழுங்கிவிட்டேன். அன்று பொழுதுபடுமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

மீன்கள் எல்லாவற்றையும் பெரியண்ணை கோயில் கேணியில் கொண்டுபோய் விட்டார். எதோடு எது சேரும் என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது, சொல்ல மனம் வரவில்லை. தொட்டியைப் பிறகு யாரோ கொண்டுபோனார்கள்.

தம்பி உங்கள் திவசத்துக்கு ஒவ்வொரு முறையும் வருகிறான். வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி இருக்கும்போது எப்படியும் அந்தக் கதைக்கு வந்துவிடுவான். "அத்தான் சிரிச்ச முகத்தோடைதான் போனவர். என்னைப் பாத்துச் சிரிச்சவர். என்ன அக்கா?" என்று என்னைப் பார்ப்பான். நான் ஓம் என்று சொல்வேன். அவனுக்கு இரவில் நித்திரை வர அது வேண்டும்.

ஆனால் எனக்கு ஒன்று நடந்துவிட்டது. அந்த முகம் வந்து உட்கார்ந்த பிறகு உங்கள் சொந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வருவதில்லை. கலியாணப் படத்தில் நீங்கள் முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பின்னேரம் தேத்தண்ணியோடு என்னைப் பகிடி பண்ணும்போது உதடு எந்தப் பக்கம் கோணும், கண் சுருங்குமா, பல்லுத் தெரியுமா, ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணை மூடினால் இருட்டறைதான் வருகிறது. பெரியண்ணையும் போய்விட்டார். உங்கள் சிரிப்பு எப்படி இருந்தது என்று கேட்க இப்போது எனக்குத் தம்பி ஒருவன்தான் மிச்சம். கேட்டால், அவன் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வான்.